கிண்ணத்தில் மீந்தது

காலை ஒன்பது நாற்பது. சபை மண்டபத்தின் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு டெனிஸ் வெற்றிக் கிண்ணம். மடக்கு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன் நடுவில் வைத்திருந்தார்கள். ஒரு சாண் உயரம், வெள்ளி முலாம், கீழே கறுப்பு மரக்கட்டை. கட்டையைச் சுற்றிப் பதித்திருந்த சிறு தகடுகளில், சபையின் டெனிஸ் கழகத்தில் கலப்பு இரட்டையர் ஆட்டம் வென்றவர்களின் பெயர்கள். பக்கத்தில் ராஸ்பெரி கோர்டியல் என்ற சிவப்புப் பழச்சர்பத் போத்தல் ஒன்றும் நான்காக மடித்த கைத்துணிகளும். கோயிலின் உண்மையான திருவிருந்துக் கிண்ணம் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. பயிற்சிக்கு அதை எடுப்பதில்லை என்பது குருவானவரின் ஒழுங்கு.

என் மாமனார் மேசையைச் சுற்றி வந்து தகடுகளை வாசித்தார். "போன வருசம் வெண்டவை புருசன் பெண்சாதி இல்லைப் போல. பேர் வேறை வேறை," என்றார். வேறு எதுவும் சொல்லாமல் சுவரோரக் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

இது சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் பக்கத்தில், எழுபதுகளின் நடுப்பகுதியில் ஓர் இலையுதிர்காலத்தில் நடந்தது. நாங்கள் ஆங்கிலிக்கன் சபையார். அங்கே அப்போது பலகைகளில் 'சேர்ச் ஒஃப் இங்கிலண்ட்' என்றுதான் எழுதியிருக்கும். அந்த ஆண்டு குருவானவர் சபையாருக்காக மூன்று சனிக்கிழமைப் பயிற்சிகளை ஒழுங்கு செய்திருந்தார். மண்டபத்தின் ஒரு மூலையில் வேதபாடம் வாசிக்கப் பழக்கினார்கள். இன்னொரு மூலையில் வீடுகளில் வேத ஆராய்ச்சிக் குழு நடத்துவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். நடுவில் இருந்த மேசையில், திருவிருந்தின்போது சபையார் ஒருவர் பின் ஒருவராக அருந்தும் திராட்சை இரசக் கிண்ணத்தைக் குருவானவருக்கு உதவியாக ஏந்தும் பயிற்சி. அதுவரை குருமார் மட்டுமே ஏந்திய கிண்ணத்தைச் சாதாரண சபையாரும் ஏந்தலாம் என்பது எங்கள் சபைக்குப் புதிது. நான் வாசிக்கும் மூலையில் சேர்ந்திருந்தேன். மாமா கிண்ண மேசையில்.

மாமா என்று நான் அழைத்த என் மாமனார், யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ச் சபையில் நெடுங்காலம் காரியதரிசி. மாமி இறந்த பிறகு மகனோடு இருக்க வந்தார். என் கணவர் காலையில் வேலைக்குப் போனால் இருட்டும்போதுதான் திரும்புவார். நான் ஒரு வட்டாரப் பத்திரிகையில் செய்திகளைத் திருத்தும் வேலையில் இருந்தேன். மாமா பகலில் தனியாக ரயில் நிலையத்துக்கு நடந்து போய், வாங்குப் பலகையில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். எங்கள் பத்திரிகையை முதற்பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை படித்து, பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டு வைப்பார். அந்த நாட்டுக்கு வந்த பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குருவானவர் வாசலில் அவர் கையைப் பிடித்து, கிண்ணம் ஏந்த உதவ முடியுமா என்று கேட்டார். வீட்டுக்கு வந்த மாமா அடுத்த சனிக்கிழமைக்கான சட்டையை அன்றைக்கே இஸ்திரி போட்டு மாட்டி வைத்தார்.

பயிற்சியை நடத்தியவர் ஒரு டீக்கனஸ். குருப்பட்டம் இல்லாமல் சபைப்பணி செய்யும் பெண்மணி, ஒரு காலத்தில் மருத்துவத் தாதியாக இருந்தவர். ஊசி போடக் கற்றுக்கொடுப்பவரைப் போலக் கற்றுக்கொடுத்தார். கிண்ணத்தின் இரண்டு கைப்பிடிக் காதுகளையும் தொடக் கூடாது, உண்மைக் கிண்ணத்துக்குக் காது கிடையாது. ஒரு கை தண்டில், ஒரு கை அடியில். முழங்காலிட்டிருப்பவரின் உதட்டைப் பார், முகத்தைப் பார்க்காதே. ஒருவர் அருந்தியதும் விளிம்பைத் துணியால் துடைத்து, சற்றே திருப்பி, அடுத்தவருக்குக் கொடு. கடைசியாக அவர் சொன்னது: ஆசீர்வதித்த இரசத்தைக் கொட்டக் கூடாது, போத்தலில் திரும்ப ஊற்றவும் கூடாது. எல்லாரும் அருந்திய பின் மீந்ததைக் கிண்ணம் ஏந்தியவரே குடிக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு அலசி, அதையும் குடிக்க வேண்டும்.

மாமா தலையசைத்தார். முதல் ஆளாக அவரையே கூப்பிட்டார் டீக்கனஸ். எதிரே முழங்காலிட்டவர், அவரும் கிண்ணம் பழக வந்தவர், எங்கள் கடைத்தெருவில் இறைச்சிக்கடை வைத்திருந்தவர். பெரிய உடம்பு, சிவந்த கழுத்து. அவர் கோர்டியலை ஒரு மிடறு விழுங்கினார். மாமா விளிம்பைத் துடைத்தார், திருப்பினார், மேசைக்குப் போனார், மீந்ததைக் குடித்தார், அலசினார், அதையும் குடித்தார். ஒரு பிழையும் இல்லை. நில அளவைச் சங்கிலி பிடித்துப் பழகிய கை அல்லவா.

அப்போது பின்கதவால் இன்னொருவர் வந்தார். எங்களைப் போலவே தமிழர், நாற்பது வயதிருக்கும், கையில் தோற்பை. ஆண்கள் உயர்பள்ளி ஒன்றில் கணக்குப் படிப்பித்தவர். இலங்கையிலிருந்து சாம்பியா போய், அங்கே சில ஆண்டுகள் படிப்பித்துவிட்டு, மனைவி பிள்ளைகளோடு சிட்னி வந்திருந்தார். சபைக்கு வரத் தொடங்கி ஒரு மாதம்தான். நான் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டேன். டீக்கனஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நீங்கள் இருவரும் ஒரே தீவிலிருந்து வந்தவர்கள், ஒரே மொழி பேசுகிறவர்கள், ஒன்றாகப் பழகுங்கள் என்று மாமாவுக்கும் மாஸ்டருக்கும் சோடி போட்டுவிட்டார். தன் பெருந்தன்மையில் அவருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

மாஸ்டர் முழங்காலிட்டார். மாமா கொடுத்தார். மாஸ்டர் அருந்தினார். மாமா விளிம்பைத் துடைத்தார். திருப்பினார். மறுபடியும் துடைத்தார். பிறகு மேசையில் கிண்ணத்தை வைத்துவிட்டு, தனக்கு நீரிழிவு இருப்பதாகவும் கோர்டியல் கூடாதென்றும் டீக்கனஸிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அது பொய்யில்லை. காலையும் மாலையும் அவருக்கு மாத்திரை இருந்தது. தாதியாக இருந்த டீக்கனஸ் பதறிப்போய்த் தன்னைத்தானே கடிந்துகொண்டார். அடுத்த வாரம் வெறும் தண்ணீர் என்றார்.

மாஸ்டர் எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டே, தமிழில், மெதுவாகக் கேட்டார்: "இப்பதானே ஐயா, இறைச்சிக்கடைக்காரருக்குப் பிறகு குடிச்சனீங்கள்?"

"அதுதான். சீனி வருத்தக்காரனுக்கு ஒண்டோட போதும்," என்றார் மாமா.

திரும்பும் வழியில் காரில் மாமாவே பேச்சைத் தொடங்கினார்.

"அவன் ஆரெண்டு தெரியுமோ, பிள்ளை?"

"கணக்கு மாஸ்டர், மாமா."

"அவன்ர தேப்பன் எங்கட வளவுப் பனையில கள்ளுச் சீவினவன்."

"இது சிட்னி, மாமா."

"சிட்னியெண்டு எனக்கும் தெரியும். ஸ்டேஷனில போர்ட் போட்டிருக்கு."

நான் கொழும்பில் வளர்ந்தவள். அவர்களுடைய ஊர்க்கோயிலின் வழக்கத்தை அன்று மாலை என் கணவர்தான் விளக்கினார். அங்கே எல்லாரும் ஒரே கிண்ணத்தில்தான் அருந்தினார்கள். அதைப் பற்றிச் சபை பெருமைப்பட்டது. ஆனால் பீடத்தின் முன்னுள்ள மரத்தடுப்புக்கு யார் முதலில் போவது, யார் கடைசியில் போவது என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவுமில்லை. மாஸ்டரின் தகப்பன் குடும்பத்தார் கடைசி. அவர்களுக்குப் பிறகு குடிக்க வேண்டியிருந்தவர் குருவானவர் ஒருவரே. குருவானவர் எப்போதும் வெளியூர்க்காரர், அந்த வரிசைக்கு வெளியே நின்றவர். ஆக, மீந்தது யாருக்கும் சிக்கலாகவில்லை. மாமா காரியதரிசியாக இருந்த காலம் முழுவதும் இந்த வரிசை அவர் கண்முன்னால் நடந்தது. இப்போது மீந்ததைக் குடிக்க வேண்டியவர் அவர்.

"வேறை ஆளோட சோடி போடச் சொல்லி நான் டீக்கனஸுக்கு ஃபோன் பண்ணுறன், அப்பா. விடுங்கோ," என்றார் என் கணவர்.

"ஏனெண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்?"

கணவர் கையில் எடுத்த ரிசீவரைத் திரும்ப வைத்தார்.

"இங்கிலீஷில சொல்லிப் பார் பாப்பம்," என்றார் மாமா. "எனக்குச் சொல்ல ஏலாது."

அவருக்கு இருந்த வழிகள் மூன்றுதான். குடிப்பது, காரணத்தைச் சொல்வது, அல்லது அந்த நாட்டில் தன்னிடம் கேட்கப்பட்ட ஒரே காரியத்தை விட்டுவிடுவது. இரண்டாம் சனிக்கிழமை அவருக்குத் தடிமன் வந்துவிட்டது. தும்மல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. தடிமன்காரர் பொதுக் கிண்ணத்தின் பக்கம் வரக் கூடாது என்பதும் டீக்கனஸ் சொல்லிக் கொடுத்ததுதான். நான் தனியாகப் போனேன். கடைசிச் சனிக்கிழமைக்கும் வராதவர்களைப் பேராயர் முன்னிலையில் நியமிக்க முடியாது என்று டீக்கனஸ் என்னிடம் கவலையோடு சொன்னார். அன்று மேசையில் கோர்டியல் போத்தல் இல்லை. ஒரு கண்ணாடிக் கூஜாவில் தண்ணீர் இருந்தது.

அடுத்த புதன்கிழமை மாலை ஆறு மணிபோல மாஸ்டர் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்தார், கோட்டின் கையில் சுண்ணக்கட்டித் தூள். கணவர் இன்னும் திரும்பவில்லை. மாமா பத்திரிகையை மடித்து வைத்து, கதிரையைக் காட்டி, "இரும்," என்றார். மாஸ்டர் உட்கார்ந்தார். குசினிக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவர் இல்லாத ஃபிளாட் அது. நான் தேநீர் போட்டேன். விருந்தாளிக்குப் போடும் பழக்கத்தில் கேட்காமலே இரண்டு கரண்டி சீனி போட்டேன். மாமாவுக்கு வழக்கம்போல அவருடைய குவளையில், சீனி இல்லாமல்.

மாஸ்டர் கோப்பையை வாங்கிக்கொண்டு அதன் அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கோப்பை, தங்கச்சி. உங்கட மாமாவின்ர வளவில எங்கட அப்பு தேங்காய்ச் சிரட்டையிலதான் தேத்தண்ணி குடிச்சவர். குடிச்சிட்டுப் பனையடியில கவிட்டு வச்சிட்டு வருவார். அடுத்த நாளைக்கும் அதே சிரட்டைதான்."

"அது அந்தக் காலம்," என்றார் மாமா.

"ஓம், ஐயா. அந்தக் காலம்." மாஸ்டர் ஒரு மிடறு குடித்தார். "முதல் சனிக்கிழமையும் அந்தக் காலம்தான்."

மாமா ஜன்னலைப் பார்த்தார். கீழே ஒரு ரயில் போய் முடிந்தது. பிறகு மாஸ்டர் வந்த காரியத்தைச் சொன்னார். கிண்ணப் பயிற்சியிலிருந்து விலகி வேதபாடம் வாசிக்கும் மூலைக்கு மாறிவிட்டதாகவும், டீக்கனஸிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டதாகவும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. பாடவேளை அட்டவணை மாறியதை அறிவிப்பது போலச் சொன்னார்.

"எனக்காக நீர் விலகத் தேவையில்லை," என்றார் மாமா.

"உங்களுக்காக இல்லை. எனக்கு வாசிக்க விருப்பம். குரலும் பெரிசு, வகுப்பில கத்திப் பழகினது."

"டீக்கனஸ் ஏனெண்டு கேட்டவவோ?"

"கேட்டவ."

"என்ன சொன்னனீர்?"

மாஸ்டர் எழும்பிப் பையை எடுத்துக்கொண்டார். "எனக்கும் சீனி வருத்தமெண்டு சொன்னனான்," என்று சிரித்தார். அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. "போட்டு வாறன், தங்கச்சி. போட்டு வாறன், ஐயா."

கதவு சாத்திக்கொண்டது. தேநீர் கோப்பையில் முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. நான் எடுக்கப் போனபோது மாமா கையை நீட்டித் தடுத்தார். நான் குசினிப் பக்கம் திரும்பி அரிசி கழுவத் தொடங்கினேன். அடுப்புக்கு மேலிருந்த கண்ணாடி அலுமாரிக் கதவில் கூடம் தெரியும். மாமா சற்று நேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்தார். துடைக்கவில்லை, திருப்பவில்லை. மாஸ்டர் வாய் வைத்த பக்கத்தாலேயே, இரண்டு கரண்டி சீனி போட்ட அந்த ஆறிய தேநீரை, நிறுத்தாமல் குடித்து முடித்தார். கோப்பையை அவரே கொண்டுவந்து தொட்டியில் வைத்தார். "மாத்திரை எங்க, பிள்ளை?" என்று கேட்டார்.

கடைசிச் சனிக்கிழமை மாமா என்னோடு வந்தார். நேராக டீக்கனஸிடம் போய், பள்ளிக்கூட ஆசிரியரோடு பழக விரும்புவதாகச் சொன்னார். அவர் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு நின்றதை அந்த நாட்டில் நான் முதல்முறையாகப் பார்த்தேன். டீக்கனஸ் எங்கள் மூலைக்கு வந்து மாஸ்டரைக் கூப்பிட்டார். மாஸ்டர் ஏசாயாவிலிருந்து ஒரு பகுதியை உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். விரலை வரியில் வைத்தபடி நிமிர்ந்து, தன்னுடைய பாடம் இன்னும் முடியவில்லை என்று மரியாதையாகச் சொன்னார். மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். மாமா மேசைக்குத் திரும்பினார். அவருக்கு எதிரே இறைச்சிக்கடைக்காரர் முழங்காலிட்டார். தண்ணீர்தான். ஒரு பிழையும் இல்லை.

பேராயர் வந்தார், பெயர்களை வாசித்தார், கை குலுக்கினார். அடுத்த மாதத்திலிருந்து மாமா கிண்ணம் ஏந்தினார். ஏந்த ஆட்கள் வந்த பிறகு எங்கள் கோயிலில் இரண்டு கிண்ணங்கள். குருவானவர் அப்பம் கொடுத்துக்கொண்டு போக, தடுப்பின் இடப்பக்கத்தில் ஒருவரும் வலப்பக்கத்தில் ஒருவரும் கிண்ணம் கொடுப்பார்கள். மாமாவுக்கு எப்போதும் வலப்பக்கம். இடப்பக்கத்துக்கு ஆள் மாறும். மாஸ்டரின் குடும்பம் வழக்கமாக இருக்கும் வாங்கு வலப்பக்கத்தில்தான் இருந்தது. மாமா கிண்ணம் ஏந்திய முதல் ஞாயிறு அவர்கள் எழும்பி, நடுப்பாதையைக் கடந்து, இடப்பக்கம் போய் முழங்காலிட்டார்கள். பிள்ளைகளில் ஒன்று வழக்கப்படி வலப்பக்கம் திரும்ப, மாஸ்டர் அதன் தோளைத் தொட்டுத் திருப்பினார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதன் பிறகும் அப்படியே.

கோயிலில் வேறு யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மற்றவர்கள் கவனித்தது வேறொன்று. வலப்பக்க வரிசை எழும்பிப் போன பிறகும் மாமா கிண்ணத்தோடு சற்று நேரம் தடுப்பருகே நிற்பார். அதற்குப் பிறகே மேசைக்குத் திரும்பி மீந்ததைக் குடிப்பார். குருவானவர் அதைப் பக்தி என்று நினைத்தார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு, பெரியவரைப் பாருங்கள், அவசரப்படுவதில்லை என்று சொன்னாராம்.

மாமாவும் மாஸ்டரும் சண்டை போட்டவர்களல்ல. ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது மழையைப் பற்றியும், ஊரிலிருந்து வந்த செய்திகளைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். மாஸ்டர் வேதபாடம் வாசிக்கும் முறை வந்தால் மாமா கண்ணை மூடிக் கேட்பார். "வாசிப்பு சுத்தம்," என்று காரில் ஒருமுறை சொன்னார். மாஸ்டரைப் பற்றி மாமா சொன்ன நல்ல வார்த்தை, நான் கேட்டவரையில், அது ஒன்றுதான்.

ஒரு நாள் மண்டபத்தின் தேநீர்க் கொதிகலன் அருகே மாஸ்டரோடு தனியாக நிற்க நேர்ந்தது. அந்தப் புதன்கிழமை அவர் போன பிறகு நடந்ததைச் சொன்னேன். அவர் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"முழுக்கவோ?"

"முழுக்க."

"சீனி போட்டனீங்களல்லோ?"

"ரெண்டு கரண்டி."

"பாவம், வருத்தக்கார மனுசன்." சிரித்தார். பிறகு ஒரு கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, "தனியவோ குடிச்சவர்?" என்று கேட்டார்.

"நான் குசினிக்குள்ள நிண்டனான்."

"அப்ப தனியத்தான்," என்றார். "தனிய இருந்து குடிச்சால் அது வெறும் தண்ணி விடாய், தங்கச்சி. கோயிலில எத்தனை பேர் இருக்கினம், பாருங்கோ."

அவர் வலப்பக்கம் ஒரே ஒரு முறை முழங்காலிட்டிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவருடைய அப்பு கடைசி ஆளாகக் காத்து நின்ற ஞாயிறுகளைப் பற்றி அவர் என்னிடம் கேட்டிருப்பார். இருவரில் யார் பக்கமும் தீர்ப்பெழுத எனக்கு அன்றைக்குத் தகவல் போதவில்லை. இன்றைக்கும் போதாது. எனக்குத் தெரிந்தது கண்ணாடிக் கதவில் தெரிந்ததும், தடுப்பருகே தெரிந்ததும் மட்டும்.

அண்மையில் அந்த மண்டபத்துக்கு ஒரு திருமண வரவேற்புக்காகப் போனேன். காலை பத்து மணி இருக்கும். தரையை மாற்றியிருந்தார்கள், மடக்கு மேசைகள் இப்போது பிளாஸ்டிக். டெனிஸ் ஆடுதளம் இருந்த இடம் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. டெனிஸ் கிண்ணம் மட்டும் ஞாயிறு பாடசாலை அலுமாரியில் இருந்தது. முலாம் மங்கி, ஒரு காது உடைந்து, உள்ளே பிள்ளைகளின் வண்ணப் பென்சில்கள். கட்டையைத் திருப்பித் தகடுகளைப் பார்த்தேன். மாமா சொன்னது சரி. அந்த ஆண்டுக்கு முந்திய ஆண்டில் வென்றவர்கள் கணவன் மனைவி அல்ல.

மாமா எழுபதுகள் முடிவதற்குள், ஒரு குளிர்காலத்தில், தூக்கத்தில் இறந்தார். அடக்க ஆராதனையில் வேதபாடம் வாசித்தவர் மாஸ்டர். குருவானவர் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டார், தெளிவாக வாசித்தார். அதற்கடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு அவரும் மனைவியும் பிள்ளைகளும் எழும்பி, நடுப்பாதையைக் கடக்காமல், வலப்பக்கமே போய் முழங்காலிட்டார்கள். அவர்கள்தான் வரிசையில் கடைசி. அன்று மாமாவின் இடத்தில் நின்று, வலப்பக்கக் கிண்ணத்தில் மீந்ததைக் குடித்தவர் இறைச்சிக்கடைக்காரர்.